எலும்புக்கூட்டுக்கும் பேர் போடுங்கள்

அன்புள்ள டீச்சர்,

நான் கொட்டகலைப் பக்கம். இப்போது கொழும்பில் வேலை. இரவானால் ஊர்ப் பொடியன்கள் நாலு பேர் சேர்ந்து 'பாத் ஒஃப் எக்ஸைல்' என்ற கொம்பியூட்டர் கேம் விளையாடுவோம். என்னுடைய ஆள் தன் கையால் அடிக்கமாட்டான். எலும்புக்கூடுகளை எழுப்பிவிடுவான், அவைதான் அடிக்கும். செல்லமாக அவற்றைக் 'கூலிகள்' என்போம். பிரச்சினை என்னவென்றால், என் மோதிரத்திலும் கையுறையிலும் 'அடித்தால் இது கிடைக்கும்' என்று இருக்கும் எதுவும் கூலிகள் அடிக்கும்போது வேலை செய்வதில்லை. நான் கூட்டி வந்ததுதானே? அது அடித்தால் நான் அடித்த மாதிரிதானே? கூட்டாளி ஒருத்தன், அப்படி விட்டால் ஆட்டமே நாறிவிடும் என்கிறான். ஒரு கிழமையாகச் சண்டை. நீங்களும் ஒரு காலத்தில் கேம் விளையாடியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். அப்புறம், கேம் விளையாடி மலையகப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தோட்டத்துக்குத் தோட்டம் கசிப்புச் சாராயம் விற்கிறவனிடம் யாரும் கேட்காத கேள்வியை, ராத்திரி இரண்டு மணித்தியாலம் எலும்புக்கூடு எழுப்புகிற பிள்ளையிடம் கேட்கிறார்கள். விடுங்கள்.

நான் விளையாடியது உண்மைதான். 2003 வாக்கில் என் தம்பி அட்டன் டவுனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், மழையும் பிடித்துக்கொண்டால், அங்கேதான் போய் உட்காருவேன். 'டயப்லோ 2'. நானும் உங்கள் சாதிதான், பிணத்திலிருந்து எலும்புக்கூடு எழுப்புகிற மந்திரவாதி. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பின்னால் நின்று, "டீச்சர், பின்னுக்கு ஒண்டு வருது" என்று கத்துவார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு இரும்புப் பூதம் உண்டு. கீழே கிடக்கிற ஒரு உலோகப் பொருளைக் காட்டினால் அது பூதமாக எழும். வாளோ கேடயமோ, அதில் இருந்த மந்திர குணம் பூதத்தின் மேலே ஏறிவிடும். பூதம் செத்தால் பொருளும் போச்சு. அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நல்ல வாள் கிடைத்தால் நான் இடுப்பில் கட்டவா, பூதத்துக்குக் கொடுக்கவா என்று கை நடுங்கும். அதற்கும் முன்னால், 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்'டில் வளர்ப்புப் பூதத்தின் கையிலேயே ஆயுதத்தைக் கொடுக்கலாம். கொடுத்ததை அது வைத்து அடிக்கும். ஆக, உங்கள் சண்டை ஒன்றும் புதுச் சண்டை இல்லை.

உங்கள் கூட்டாளி சொல்வதில் பாதி சரி, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மோதிரத்தில் அடிக்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பில் ஏதோ நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருவர் செக்கனுக்கு ஒரு அடி அடித்தால் நிமிடத்துக்கு அறுபது அடி, மூன்று தடவை நடக்கும். பத்து எலும்புக்கூடும் அதே வேகத்தில் அடித்து அத்தனையும் உங்கள் மோதிரத்தைத் தட்டினால் நிமிடத்துக்கு முப்பது தடவை. ஒருவருக்காகச் செய்த மோதிரம் பத்துப் பேருக்குச் சம்பளம் போடுகிற மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் தனியாக நின்று வெட்டுகிறவன் வயிறெரிந்து போவான். அதனால்தான் ஆட்டம் செய்கிறவர்கள் சிலர் ஒரு தடவை நடந்தால் இத்தனை செக்கனுக்கு மறுபடி நடக்காது என்று பூட்டுப் போடுகிறார்கள். சிலர் நிமிடத்துக்கு இத்தனைதான் என்று எல்லை கட்டுகிறார்கள். 'டயப்லோ 3'இல் ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு எண் கொடுத்து வாய்ப்பைக் குறைத்தார்கள். நீங்கள் விளையாடுகிற ஆட்டம் எல்லாரையும்விடக் கறார். உங்கள் உடுப்பில் இருப்பது உங்களுக்கு. 'எழுப்பியவற்றுக்கு' என்று அந்தப் பொருளிலேயே எழுதியிருந்தால் மட்டும்தான் அவற்றுக்கு. ஆனால் எதையும் கொடுக்காதே என்று உங்கள் கூட்டாளி சொல்கிறாரே, அது சோம்பேறிப் பதில். அப்படியென்றால் கீழே விழுகிற நல்ல பொருளில் பாதி, எலும்புக்கூட்டுக்காரனுக்குக் குப்பை.

சரி, இதற்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி முள்ளாகக் குத்திவிட்டது. 'நான் கூட்டி வந்ததுதானே, அது அடித்தால் நான் அடித்த மாதிரிதானே.'

தம்பி, இந்த வசனத்தை முதலில் சொன்னது யார் தெரியுமா? பெரிய கங்காணி, வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்தவர்.

போன மாதம் முழுக்க இதையே வாசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே சுட்டது. கங்காணி தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போவார். பஞ்சத்தில் கிடந்தவர்களுக்கு முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவார். மன்னார்ப் பக்கம் கரையேற்றி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடத்திக் கூட்டி வருவார். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு ஆள் வேலைக்கு இறங்கினால் ஆளுக்குக் கூலி. அதற்கு மேலே, இறங்கிய ஒவ்வொரு தலைக்கும், ஒவ்வொரு நாளுக்கும், கங்காணிக்கு ஒரு சின்னத் தொகை. தலைக்காசு. மலை ஏறியது ஒருத்தி, அட்டை கடித்தது ஒருத்தியை, காசு விழுந்தது கோட்டும் தலைப்பாகையுமாகக் குடை பிடித்து நின்றவர் மடியில். ஏன் என்று கேட்டால் 'நான் கூட்டி வந்தது'. அவள் வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் கங்காணியிடம் உள்ள கடனை எழுதிய துண்டு வேண்டும், அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டவேண்டும். அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தவே 1921 ஆகிவிட்டது.

எலும்புக்கூடு மனிசரா டீச்சர் என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குப் பசியில்லை, பிள்ளை குட்டியில்லை, லயத்துக் காம்பராவில் ஒழுகுகிற தகரமில்லை. நான் எலும்புக்கூட்டுக்குச் சங்கம் அமைக்க வரவில்லை. ஆனால் கொட்டகலையில் பிறந்த பிள்ளை, ஆட்டத்தில் அடி வாங்குகிற ஒன்றுக்குச் 'செல்லமாக' கூலி என்று பேர் வைத்து, அது அடித்த அடியின் பலன் எனக்கு ஏன் வரவில்லை என்று ஒரு கிழமை சண்டை பிடிக்கிறது. இதைப் படித்துவிட்டு நான் சிரித்துக்கொண்டே போகவேண்டுமா? உங்கள் அம்மாவிடம் அந்தச் செல்லப் பேரை ஒருதரம் சொல்லிப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில்.

என் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்தான். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு. மாலை நிறுவையில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக் கணக்கில் வெட்டுவார்கள். ஈரமில்லாத வெயில் நாளிலும் ஈரத்துக்கு வெட்டுவார்கள். கணக்குக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். முழுநாள் வேலை செய்தால் பேர் விழும், குறைந்தால் அரைப் பேர். பேரை அரையாக வெட்டலாம் என்பது தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரியும்.

இதிலே கங்காணியும் இல்லை, துரையும் இல்லை, நான் சொல்ல வந்தது எங்கள் அப்பாவை. சம்பளத்தன்று ஒப்பீசுக்குப் போய் இரண்டு பேர் சம்பளத்தையும் வாங்கி வருவது அப்பா. அப்போது எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அம்மா மலையில் நிற்பார், காசு அப்பாவின் சட்டைப் பையில் நிற்கும். ராத்திரி அப்பா வந்ததும் அம்மா காசு கேட்கமாட்டார். "துண்டைக் குடுங்க" என்பார். சம்பளக் கணக்கு எழுதிய துண்டு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் குப்பி விளக்கடியில் வாசிக்கவேண்டும். பேர் இருபத்திரண்டு. கணக்குக்கு மேலே பறித்த கிலோ முப்பத்தொன்று. அரிசிக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, சங்கத்துக்கு இவ்வளவு, தீபாவளி முன்பணத்துக்கு இவ்வளவு கழிவு. 'முப்பத்தொன்று' என்ற இடத்தில் "இன்னொருக்கா வாசி" என்பார். வாசிப்பேன். "ம்" என்பார். அப்புறம் துண்டை மடித்துப் பால்மாப் பேணிக்குள் போட்டு மூடிவிடுவார்.

அம்மா போய் எட்டு வருஷமாகிறது. அந்தப் பேணி போன மாதம்தான் கைக்கு வந்தது, ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்து. மூடி துருப்பிடித்து இறுகிப்போய், கத்தியால் நெம்பவேண்டியிருந்தது. உள்ளே நூற்றுக்கு மேலே துண்டுகள், கம்பளி நூலால் கட்டு கட்டாகக் கட்டி. சிலதில் மை அழிந்து வெறும் கோடு மட்டும். நான் முதல் சம்பளம் வாங்கிய மாதம் அம்மாவிடம் காசைக் கொடுத்தேன், "உன் துண்டு எங்க?" என்று கேட்டார். அதுவும் அந்தக் கட்டில் இருக்கிறது. அதை மட்டும் நாலாக மடித்திருந்தார்.

எங்கோ போய்விட்டேன். உங்கள் கேள்வி என்ன, எலும்புக்கூடு அடித்தால் மோதிரம் வேலை செய்யவேண்டுமா? செய்யட்டும். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் பலன் அடித்த எலும்புக்கூட்டுக்கே போகட்டும். அடித்தால் உயிர் ஏறும் என்று மோதிரத்தில் இருந்தால் அடித்த கூட்டுக்கு உயிர் ஏறட்டும், வேகம் கூடும் என்றால் அதன் வேகம் கூடட்டும். உங்கள் கூட்டாளி பயப்படுகிற முப்பது தடவைக் கணக்கும் இதில் அடங்கிவிடும், பத்தும் ஒரே ஆளின் மடியில் வந்து கொட்டாதே. ஒவ்வொன்றும் தன் மூன்று தடவையோடு நிற்கும். அவை சாகாமல் நின்றால் உங்களுக்கும் நல்லதுதானே, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவர் நீங்கள்தான். என் இரும்புப் பூதம் அப்படித்தான் இருந்தது. வாளை அதனிடம் கொடுத்துவிட்டு நான் வெறுங்கையோடு நிற்பேன். அது செத்தால் எனக்கும் நட்டம், அதனால் அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

கூட்டாளியோடு சமாதானமாகப் போங்கள். ஒரு கிழமை அதிகம்.

அடுத்த கடிதத்தில் எலும்புக்கூடுகளுக்கு என்ன பேர் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மாற்றவில்லை என்றால் எழுதவேண்டாம்.

அன்புடன்,
டீச்சர்