முதல் கொலோனோஸ்கோப்பிக்கு முன் வந்த பயத்தையும் மயக்க ஊசி பற்றிய பயத்தையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை கொலோனோஸ்கோப்பி (பின்பக்கம் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை), குழாயைக்கூடத் தாங்கிக்கொள்வேன், மயக்க ஊசி போட்டு எழுந்திருக்காமல் போய்விட்டால் என்ற நினைப்பில்தான் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எனக்கு இருந்ததும் இதே பயம்தான். நான் டாக்டர் இல்லை. வயது 47, மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை. ஒரு முறை இதைச் செய்துகொண்டவள் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மோஷனில் ரத்தம் போக ஆரம்பித்ததும் மூலம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். துத்திக்கீரை சமைத்துச் சாப்பிட்டே நான்கு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் டாக்டரிடம் போனபோது, "மூலம் இருக்குதுதான், ஆனா உங்க வயசுல அதை மட்டும் பார்த்துட்டு விட முடியாது, உள்ளயும் பார்த்துடணும்" என்றார். தேதியும் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு நான் போகவும் செய்தேன். அங்கே ஒருவர் அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டி, "இதுல கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். படித்துப் பார்த்தேன். குடலில் ஓட்டை, ரத்தப்போக்கு, மயக்க மருந்தால் உயிரிழப்பு என்று வரிசையாக இருந்தது. என்ன இது என்று கேட்டேன். "எல்லாரும் போடுறதுதான்" என்றார். பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ரத்தம் போவது மட்டும் நிற்கவில்லை.

என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. என் பெரியம்மா பித்தப்பை ஆபரேஷனுக்குப் போய், மயக்கம் சரியாகத் தெளியாமல் இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பிழைத்து வந்துவிட்டார். ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, வாயில் குழாயோடு கிடந்த அவரைப் பார்த்தது என் மனதை விட்டுப் போகவே இல்லை. மயக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் கதவுதான் கண்முன் வரும்.

வீட்டில் சொன்னால் எல்லோரிடமும் ஒரே பதில், "ஒண்ணும் ஆகாது." வீட்டுக்காரர் சொன்னார், தம்பி சொன்னான், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பாசத்தில் சொல்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் ஆகாது என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்தவர் மயக்க ஊசி போடும் டாக்டர். அவரிடம்தான் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

இரண்டாவது முறை வேறு ஆஸ்பத்திரி. அங்கே முந்தின நாளே மயக்க டாக்டரைப் பார்க்க அனுப்பினார்கள். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. "உங்களுக்கு எதை நினைச்சா பயம்?" என்று நேராகக் கேட்டார். பெரியம்மா கதை முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

அப்புறம் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். வயிற்று ஆபரேஷனில் தசையெல்லாம் தளர்ந்து கிடக்கத் தனியாக ஒரு மருந்து கொடுப்பார்கள். அதில் மூச்சுத் தசையும் தளர்ந்துவிடும் என்பதால், குழாய் வைத்து மெஷின்தான் மூச்சு விட வைக்கும். கொலோனோஸ்கோப்பிக்கு அந்த மருந்தே கிடையாது. தூக்கம் வர மட்டும்தான் ஊசி. மூச்சு நீங்களாகவே விட்டுக்கொண்டிருப்பீர்கள். மூக்குக்குக் கீழே ஆக்சிஜன் குழாய், விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் மூன்று ஸ்டிக்கர், கையில் பிரஷர் பட்டை, இவ்வளவுதான் உடம்பில் இருக்கும். எனக்குப் போடப்போவது புரோபஃபால் என்றார். பால் போல வெள்ளையாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் தூக்கம் வந்துவிடும், கொடுப்பதை நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளிய ஆரம்பிக்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகவே கொடுத்துக்கொண்டு போவார்களாம்.

"அப்போ ஆபத்தே இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்று அவர் சொல்லவில்லை. "மூச்சு மெதுவாகலாம், பிரஷர் இறங்கலாம். அதைப் பார்க்கத்தான் நான் உங்க தலைமாட்டிலயே நிக்கிறேன். மூச்சு மெதுவானா தாடையைத் தூக்கிப் பிடிப்பேன், ஆக்சிஜனைக் கூட்டுவேன், மருந்தை நிறுத்துவேன்" என்றார். எனக்குத் தைரியம் வந்தது இந்தப் பதிலைக் கேட்டுத்தான். என்ன ஆகலாம், அப்படி ஆகிவிட்டால் யார் என்ன செய்வார் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதே இல்லை.

புரோபஃபால் என்று தேடினால் உடனே மைக்கேல் ஜாக்சன் பெயர் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2009-ல் அவர் இறந்தது அந்த மருந்தால்தான், உண்மை. ஆனால் அது வீட்டுப் படுக்கையறையில், இரவுத் தூக்கத்துக்காக, சரியான கண்காணிப்புக் கருவிகள் இல்லாமல் கொடுக்கப்பட்டது. இன்னொரு செய்தியையும் பாருங்கள். 2021 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஜோ பைடனுக்கு மயக்கத்தோடு கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். அதற்காக அதிபர் அதிகாரத்தைத் துணை அதிபர் கமலா ஹாரிஸ் கையில் கொடுத்து, மறுபடி வாங்கிக்கொள்ள ஆன நேரம் 85 நிமிடம். அன்று பைடனுக்கு வயது 79 ஆக ஒரு நாள் குறைவு. நம் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்துக்காரரின் பேத்தி கமலா பொறுப்பில் இருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அதனால் சொல்கிறேன்.

அந்த டாக்டர் என்னிடமும் நிறையக் கேட்டார். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு அடைக்குமா, ஆஸ்துமா உண்டா, ஆடுகிற பல் இருக்கிறதா, இதற்கு முன் மயக்கம் கொடுத்தபோது ஏதாவது ஆனதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின், இரும்புச்சத்து மாத்திரை இவற்றில் எதையாவது எடுத்தால் இன்றே கேட்டுவிடுங்கள். சிலவற்றைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மயக்கத்தில் மனதில் உள்ளதையெல்லாம் உளறிவிடுவேனோ என்றும் ஒரு பயம் இருந்தது. வெட்கத்தை விட்டு அதையும் கேட்டேன். பெரும்பாலும் தூங்கிவிடுவார்கள், அரைகுறையாக ஏதாவது முனகினாலும் அந்த அறைக்குள்ளேயே நின்றுவிடும் என்றார். உடை பற்றியும் கேட்டேன். பின்பக்கம் மட்டும் திறப்பு வைத்த ஒரு பேன்ட் தருகிறார்கள், மேலே போர்வை போர்த்திவிடுகிறார்கள். பெண் சிஸ்டர் கூட இருக்க வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார்கள். இதையெல்லாம் கேட்பதில் தப்பே இல்லை.

சரி, முந்தின நாளுக்கு வருகிறேன். நான் இல்லாத விஷயத்துக்குப் பயந்து, இருக்கிற கஷ்டத்தைப் பற்றி யோசிக்காமலே இருந்துவிட்டேன். உண்மையான கஷ்டம் பேதி மருந்துதான்.

இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, தக்காளி, கொய்யா, கேழ்வரகு, பயறு எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். விதையும் நாரும் குடலில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்குமாம். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர் போதும். முந்தின நாள் வடித்த கஞ்சித்தண்ணீர், இளநீர், பால் இல்லாத டீ. சிவப்பு நிறத்தில் எதுவும் கூடாது, உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியும். சாயங்காலம் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை அன்றைக்கும் மீதியை மறுநாள் விடியற்காலையும் குடிக்கச் சொன்னார்கள். உங்களுக்கு அளவும் நேரமும் வேறாக இருக்கலாம், உங்கள் சீட்டில் உள்ளபடியே செய்யுங்கள்.

உப்புக் கரிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு, ஸ்ட்ரா போட்டு, கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்தேன். நடுநடுவே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேன். மூன்றாவது டம்ளரில் குமட்டியது. அரை மணி நேரம் நிறுத்தி, வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். வாந்தியே வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். முதல் தடவை பாத்ரூம் போவதற்கு முன்பே பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, ஆறாவது தடவைக்குமேல் எரிச்சல் தாங்க முடியவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவி, துடைக்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றிக்கொண்டால் போதும். கடைசியில் லேசான மஞ்சளில், அடி தெரிகிற மாதிரித் தண்ணீராகப் போகும். அதுவரை வராமல் "போதும்" என்று விட்டால் சரியாகப் பார்க்க முடியாமல் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் முறை இந்தப் பாட்டைப் படாமல் இருக்கவாவது முழுவதையும் குடித்துவிடுங்கள்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. பயம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். போனில் கேட்டபோது சிஸ்டர், "காலையில இருந்து சாப்பிடல, தண்ணியும் உப்பும் வெளிய போயிருக்கு, கொஞ்சம் இளநீர் குடிங்க" என்றார். குடித்த அரை மணியில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. சர்க்கரை, சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் இளநீருக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். படபடப்பில் பாதி வெறும் வயிற்றால் வருவது என்று தெரிந்தாலே மனசு கொஞ்சம் அடங்குகிறது.

மறுநாள் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கியிருந்தேன். காத்திருக்கும் நேரம் குறைந்தால் பயத்துக்கும் நேரம் குறைவு. கையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) குத்தியதுதான் அன்று எனக்கு வலித்த ஒரே விஷயம். இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் அந்த டாக்டர் இருந்தார். "உங்களுக்கு நல்லா பழக்கமான ஏதாவது ஒண்ணை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருங்க" என்றார். நான் பிளவுஸ் அளவு எடுக்கும் வரிசையைச் சொன்னேன். உயரம், தோள், மார்பு, இடுப்பு... கையில் லேசாக எரிச்சல் ஏறியது. கை உயரம் வரை சொன்னது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவில் இருப்பது, வேறு அறையில் தம்பி என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "எப்பக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டேன். "முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சுக்கா" என்றான். அதையே மூன்று முறை கேட்டேனாம். மருந்து அந்த நேரத்து நினைவைப் பிடிக்க விடாது. அதனால் டாக்டர் முடிவைச் சொல்லும்போது கூட வந்தவர் பக்கத்தில் நின்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வயிறு உப்பலாக இருக்கும், உள்ளே காற்று ஊதித்தான் பார்க்கிறார்கள். கூச்சப்படாமல் காற்றை வெளியே விடுங்கள். வயிற்றுவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ நிறைய ரத்தமோ வந்தாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அந்தக் காகிதத்தில் இருந்த ஓட்டை விஷயத்தையும் குடல் டாக்டரிடம் கேட்டிருந்தேன். வெறுமனே பார்க்க மட்டும் செய்யும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்றார். மயக்கம் வேண்டவே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் கேட்கலாம், அப்படிச் செய்துகொள்பவர்கள் உண்டு. குடலின் உள்பக்கத்துக்குக் கிள்ளினாலும் வெட்டினாலும் வலி தெரியாது. காற்றில் விரியும்போதும் குழாய் வளைவு தாண்டும்போதும்தான் வலி. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, தூங்கியதே நல்லது என்று நினைக்கிறேன்.

ரத்தம் வந்தது மூலத்திலிருந்துதான். ஆனால் அதற்குச் சம்பந்தமே இல்லாமல், மேலே ஒரு வளைவில் 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், அதாவது குடலின் உள்பக்கத்தில் வளரும் சின்னச் சதை, இருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதித்துப் பார்க்கும் பயாப்ஸி ரிசல்ட் வர ஒரு வாரம். ஊசிக்கு முந்தின நாளைவிட அந்த வாரம் கனமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அடினோமா என்ற வகைப் பாலிப், புற்றுநோய் இல்லை என்று வந்தது. இந்த மாதிரிப் பாலிப்பில் சில, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடியவை, எடுத்தாகிவிட்டதால் ஐந்து வருடம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர்.

உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான், இன்னும் நாள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "மயக்க டாக்டர்கிட்ட முன்னாடியே அஞ்சு நிமிஷம் பேசணும்" என்று கேளுங்கள். எதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எங்களிடம் எழுதினீர்களோ, அதை ஒரு காகிதத்தில் எழுதி அப்படியே அவரிடம் கொடுங்கள். பேச நாக்கு எழாவிட்டாலும் பரவாயில்லை, படித்துப் பார்த்துப் பதில் சொல்வார்.