பதிவேட்டில் ஏறிய குற்றங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில நாடுகளின் கொலை, வன்புணர்வு எண்ணிக்கைகளை ஒப்பிட்டு வருகிறேன். காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு குற்றத்தை அளக்க முடியாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அரசுப் பதிவே பொய்யென்றால் ஆய்வாளர் எதைத்தான் நம்புவது?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

பொய் என்று நான் எழுதவில்லை. ஒரு சம்பவம் பதிவேட்டில் ஏற வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் அதைக் குற்றமென்று உணர்ந்து, புகார் கொடுக்கத் துணிந்து, அந்தப் புகாரை ஒரு காவலர் ஏற்று, ஏதேனும் ஒரு சட்டப்பிரிவின் கீழ் எழுதியாக வேண்டும். ஆகவே நம் கைக்கு வரும் எண் முதலில் காவல் நிலையம் செய்த வேலையின் கணக்கு; குற்றத்தைப் பற்றி அது சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையை மேற்பார்வையிடும் அமைப்பு 2014இல் சோதித்தபோது, காவல்துறையிடம் தெரிவிக்கப்பட்ட குற்றங்களிலேயே சுமார் 19 விழுக்காடு பதிவாகவில்லை என்று கண்டது. பாலியல் குற்றங்களில் அது 26 விழுக்காடு. புகாரே கொடுக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

உங்கள் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் எண்ணும் விதியில் இருக்கிறது. கணவர் ஓராண்டாக வாரந்தோறும் தன்னை வன்புணர்ந்ததாக ஒரு பெண் புகார் கொடுத்தால், ஸ்வீடனில் ஒவ்வொரு முறை நிகழ்ந்ததும் தனிக் குற்றமாக ஏறும். ஒரே புகாரில் ஐம்பதுக்கு மேல் சேர்ந்துவிடும். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ, ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கடுமையான தண்டனைக்குரிய ஒன்றை மட்டுமே எண்ணுகிறது. இவ்விரு எண்களையும் ஓர் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நாடு மோசம் என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் ஏராளம். (அவர்களில் பேராசிரியர்களும் உண்டு.)

காவல்துறையைக் கேளாமல் வீடு வீடாகச் சென்று மக்களையே கேட்கும் ஆய்வுகள் உள்ளன. பிரிட்டனில் அத்தகைய ஆய்வு 1982இல் தொடங்கியது. அவற்றுக்கும் ஓட்டைகள் உண்டு: கொலையானவர் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். ஆனால் கொலைக்கு உடல் சாட்சியாக இருப்பதாலும், இறப்புக் காரணத்தைச் சுகாதாரத்துறை தனியே பதிவதால் ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க முடிவதாலும், அந்த எண்ணிக்கை பல நாடுகளில் ஓரளவு உறுதியானது.

எனவே உங்கள் அட்டவணையில் கொலை வரிசை இருக்கட்டும். வன்புணர்வு வரிசையை நிரப்புமுன் ஒவ்வொரு நாட்டின் சட்ட வரையறையையும் எண்ணும் விதியையும் தேடி எடுத்துப் படித்துவிடுங்கள். அந்த வரிசையையே நீக்கிவிட நேரலாம்.