ரூம்மேட்டும் ஈர டவலும்

கேள்வி: என்கூட ரூம்ல இருக்கறவ நல்ல பொண்ணுதான், ஆனா குளிச்சுட்டு வந்து ஈர டவல என் கட்டில்லயே போடுறா, சாப்பிட்ட தட்டு மூணு நாளா சிங்க்ல கெடக்கு, கேட்டா சண்டை வந்துடுமோன்னு நானே கழுவிடுறேன். என்ன பண்றது?

பதில்: நீங்களே கழுவிடுறீங்கல்ல, அங்கதாங்க பிரச்சனையே! அவங்களுக்கு தட்டு தானா சுத்தமாகுற மாதிரிதான் தெரியும். ‘நீ ஏன் இப்படி இருக்க’ன்னு ஆரம்பிக்காம, கோவம் இல்லாத நேரமா பாத்து, ‘படுக்கறதுக்குள்ள சிங்க் காலியா இருக்கணும், கரப்பான் ராத்திரிதான் மேய வரும்’னு இந்த ஒரு விஷயத்த மட்டும் பேசுங்க. டவலுக்கு கதவுக்குப் பின்னாடி ஒரு கொக்கி மாட்டிடுங்க, சுருட்டிப் போட்ட ஈரத்துணி ஒண்ணு ரெண்டு நாள்லயே நாறும், அப்புறம் உங்க மெத்தையும் சேந்து நாறும். (நானும் ஒரு காலத்துல டவல் பார்ட்டிதான், கொக்கி வந்தப்புறம்தான் திருந்தினேன்.)