வெர்டன் மண்ணிலிருந்து வந்த குத்துவாளை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: முதல் உலகப் போர்க்காலப் பதுங்குகுழிக் கத்திகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1918 என்று பொறிக்கப்பட்ட, வெண்கலப் பிடி கொண்ட அமெரிக்கக் கத்தி ஒன்று கையில் இருக்கிறது. இப்போது ஒரு வணிகர், பிரெஞ்சு பயோனெட்டை (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை) வெட்டிச் செய்த குத்துவாள் ஒன்றைத் தர முன்வருகிறார். பிரான்ஸின் வெர்டன் போர்க்களத்து மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது என்கிறார். மரப்பிடி உறுதியாக இருக்கிறது, அலகில் மட்டும் துரு. வாங்கலாமா? வாங்கினால் துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடலாமா?

பதில்: வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், உப்புத்தாளை எப்போதுமே தள்ளி வையுங்கள். வணிகர் சொல்வது அனைத்தும் பொய் என்று நான் கூற வரவில்லை. ஆனால் தாங்கள் கை வைத்திருப்பது இந்தத் துறையிலேயே சரிபார்க்க மிகக் கடினமான வகை.

1914-இல் பிரெஞ்சுப் படை போருக்குக் கொண்டு சென்ற லெபெல் துப்பாக்கியின் பயோனெட், அரை மீட்டருக்கும் நீளமான, ஊசி போன்ற அலகு கொண்டது. திறந்த வெளியில் துப்பாக்கியின் முனையில் மாட்டிக்கொண்டு ஓடுவதற்கு அது பொருந்தியதே தவிர, இருவர் ஒதுங்கி நிற்கவே இடமில்லாத பதுங்குகுழியில், நள்ளிரவுத் திடீர்த் தாக்குதலின்போது, கையைத் திருப்பக்கூட உதவவில்லை. ஆகவே படைப்பிரிவுகளின் பட்டறைகளில் அதனை வெட்டிக் குறுக்கினார்கள். முள்கம்பி வேலியைத் தாங்கும் இரும்புக் கழியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையைப் பிடியாக வளைத்து, மறுமுனையைக் கூராகத் தட்டி, 'பிரெஞ்சு ஆணி' என்ற ஆயுதத்தையும் செய்துகொண்டார்கள். பிரிட்டிஷ் வீரர்களில் பலர், இங்கிலாந்தின் டட்லி நகரத்து ராபின்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் கத்திகளைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள்.

சேகரிப்பவருக்குச் சிக்கல் பிறப்பது இங்கேதான். அசல் பொருளே கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அவசரத்தில் செய்தது என்பதால், அளவு இன்னது, முத்திரை இன்னது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முன்மாதிரி கிடையாது. போலி செய்பவருக்குத் தேவைப்படுவது ஓர் உண்மையான லெபெல் பயோனெட்டும், ஒரு சாணை இயந்திரமும், சிறிது உப்புநீரும் மட்டுமே. எஃகு நூறாண்டுப் பழையது, வேலை மட்டும் போன மாதத்தது. 'பிரெஞ்சு ஆணி'யைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அதனை எந்தக் கொல்லரும் ஒரு பிற்பகலில் அடித்துக் கொடுத்துவிடுவார்.

இருந்தாலும், கையில் எடுத்துப் பார்த்தால் சில செய்திகள் தெரியும். பூதக்கண்ணாடியை முதலில் வெட்டிக் குறுக்கிய இடத்தின் மேல் பிடியுங்கள். பழைய அலகில் துரு அரித்த நுண்குழிகள், புதிதாகக் கூராக்கிய சரிவு தொடங்கும் இடத்தில் திடீரென்று நின்றுபோனால், துரு முதலில் வந்தது, சாணை பிறகு வந்தது என்று பொருள். போர்க்காலத்து வேலையாக இருந்தால் அந்தச் சரிவும் அலகின் மற்ற பகுதிகளைப் போலவே கருத்து, அதே குழிகளைத் தாங்கியிருக்க வேண்டும். அடுத்து, மரப்பிடி எஃகைத் தொடும் விளிம்பைப் பாருங்கள்: துருவும் மரமும் சேர்ந்தே முதுமை அடைந்திருந்தால் மரத்தின் ஓரத்தில் துருக்கறை ஊறிக் கருத்திருக்கும். துருப்பிடித்த எஃகின் மேல் கறையே படாத மரம் அமர்ந்திருந்தால், அது பின்னாளில் பொருத்தியதாகவே இருக்கும்.

வெர்டன் கதையை இதனால்தான் நான் நம்பத் தயங்குகிறேன். நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கத்தியில் பெரும்பாலும் மரம் உளுத்துப்போய், பிடிக்குள் செல்லும் இரும்பு வால் மட்டுமே எஞ்சும். உறுதியான மரப்பிடி, வீட்டுப் பரணில் கிடந்த பொருளுக்குப் பொருந்தும் அடையாளம். தோண்டி எடுத்தது என்பது உண்மையாகவே இருந்தாலும் தாங்கள் மகிழ்வதற்கில்லை. பிரான்ஸில் அரசின் முன் அனுமதி இல்லாமல், தொல்பொருள்களைத் தேடி உலோகங்காட்டும் கருவியைப் பயன்படுத்துவதை 1989-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதோடு, அந்த மண்ணில் வெடிக்காத குண்டுகள் இன்றும் கிடைத்தபடி இருக்கின்றன.

தொடக்க நிலையில், தொழிற்சாலை முத்திரை கொண்ட கத்திகளோடு நின்றுகொள்வதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்கப் படையின் வகைகளைப் பற்றி விரிவான செய்திகள் கிடைக்கின்றன. 1917-ஆம் ஆண்டு மாதிரியின் அலகு முப்பட்டையானது; குத்த உதவுமே தவிர எதையும் அறுக்க உதவாது. அந்தக் குறையைப் போக்க வந்ததே, இரு பக்கமும் கூர்மையான அலகும், விரல் நுழையும் வெண்கல வளையங்களும் கொண்ட 1918-ஆம் ஆண்டு மார்க் 1. தங்களிடம் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்.எஃப்.அண்டு சி. என்ற அமெரிக்க நிறுவனத்தின் முத்திரையோ, பிரான்ஸில் செய்யப்பட்டவற்றுக்குரிய 'ஓ லியோன்' என்ற முத்திரையோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் வெண்கலத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், 1943-இல், தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடியோடு எம் 3 என்ற கத்தி வந்தது. பேரளவில் செய்யப்பட்டதால் ஒப்பிட்டுப் பழக ஏற்றது.

மார்க் 1-க்குப் போலிகள் ஏராளம். அசல் பிடியைக் கொண்டு அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, சோப்பில் பதித்தது போல் இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் பிடியும் அசலைவிடச் சற்றே சிறுத்துவிடும். ஆகவே, ஐயமற்ற ஓர் அசலின் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

இந்தச் சோதனைக்குச் சட்டக் காரணமும் உண்டு. பிரிட்டனில் விரல் வளையம் கொண்ட ஆயுதத்தை விற்பது மட்டுமல்ல, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நூறாண்டைக் கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. அங்கே 1918-ஆம் ஆண்டு அசல் அலமாரியில் இருக்கலாம், அதன் போலி இருக்கக் கூடாது. தங்கள் ஊரின் சட்டம் என்ன என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

துருவைப் பற்றிக் கேட்டீர்கள். உப்புத்தாள் துருவோடு சேர்த்து அலகின் பழைய கருமையையும் பட்டறைச் சுவடுகளையும் அழித்துவிடும். நான் மேலே சொன்ன சான்றுகள் எல்லாம் இருப்பது அந்த மேற்பரப்பில்தான். செந்நிறமாக உதிரும் துருவை மட்டும், மெல்லிய எண்ணெய் தோய்த்த துணியால் பொறுமையாகத் துடைத்து எடுங்கள். இறுகிப் படிந்த கருந்துருவைத் தொட வேண்டாம். பிறகு அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லப் பூசினால் போதும். வெண்கலத்தைத் துலக்கிப் பளபளப்பாக்கவும் வேண்டாம். முக்கியமாக, கத்தியைத் தோல் உறைக்குள் செருகி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் எஃகை அரிக்கும். உறையைக் கத்திக்குப் பக்கத்தில் தனியே வையுங்கள்.

வணிகரிடம், பிடி அலகோடு சேரும் இடத்தையும் வெட்டிய சரிவையும் அருகிலிருந்து எடுத்த படங்களைக் கேளுங்கள். படங்கள் திருப்தியாக இருந்து, வெர்டன் பெயருக்காகச் சேர்த்த தொகையையும் கழித்துக்கொண்டு, வெட்டிய லெபெல் பயோனெட்டுக்குரிய விலைக்கே தர அவர் இசைந்தால், வாங்குவதில் எனக்குத் தடையில்லை.