தந்தையை விஞ்சும் மகன்

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். உறக்கம் வராத இரவுகளில் கிரேக்கத் தொன்மக் கதைகளை வாசித்து வருகிறேன். அவற்றில் தந்தையாகப் போகும் ஆண்கள் பலர் பிறக்கவிருக்கும் பிள்ளையைக் கண்டு அஞ்சுகிறார்கள். குரோனஸ் என்ற தெய்வம் பிள்ளைகளை விழுங்குகிறான், லாயஸ் என்ற மன்னன் மகனை மலையில் எறியச் சொல்கிறான். நல்ல தந்தையாக இருப்பேனா என்ற பயம் எனக்கும் உண்டு. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒரே அச்சம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குரோனஸின் அச்சத்தை உங்களுடையதோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை. தன் தந்தை யுரேனஸை அரிவாளால் வெட்டி வீழ்த்தி ஆட்சிக்கு வந்தவன் அவன். அவனையும் அவன் மகனே வீழ்த்துவான் என்று தாய் கையாவும் யுரேனஸும் முன்னுரைத்ததால், மனைவி ரேயா பெற்ற ஐந்து பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே விழுங்கினான் என்கிறார் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட். ஆறாவதாக ஜீயஸ் பிறந்தபோது துணியில் சுற்றிய கல்லொன்றை அவள் நீட்ட, அதையும் விழுங்கிவிடுகிறான். கல்லுக்கும் குழந்தைக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு ஒரு பிள்ளையின் முகத்தையும் அவன் சரியாகப் பார்த்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். அவன் கவலையெல்லாம் அரியணையைப் பற்றியது.

இதே முன்னுரை கடல்தெய்வமான தெட்டிஸின் கதையிலும் வருகிறது. அவளுக்குப் பிறக்கும் மகன் தந்தையை விஞ்சுவான் என்று கேட்டதும், அவளை விரும்பிய கடவுளரான ஜீயஸும் பொசைடனும் ஒதுங்கிக்கொண்டு, மானிடனான பெலியஸுக்கு அவளை மணமுடிக்கிறார்கள். கடவுளர் தாங்க முடியாத அந்தச் சொல்லை ஹோமரின் இலியட் காவியத்தில் வரும் டிராய் நகர வீரன் ஹெக்டர் வாய்விட்டு வேண்டிக்கொள்கிறான். இலியட்டின் ஆறாம் பகுதியில், போர்க்களத்துக்குத் திரும்பும் முன் மனைவியையும் கைக்குழந்தையையும் நகரின் ஸ்கேயன் வாயிலருகே சந்திக்கிறான். தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிர்க் கொண்டையைக் கண்டு குழந்தை வீறிட்டு அழ, பெற்றோர் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மகனைத் தூக்கி முத்தமிட்டு, இவன் தந்தையைவிட மிகச் சிறந்தவன் என்று ஒருநாள் யாரேனும் சொல்ல வேண்டும் என்று அந்த ஜீயஸிடமே வேண்டுகிறான். டிராய் அழியும் என்பது தன் உள்ளத்துக்குத் தெரியும் என்று மனைவியிடம் அவன் சொன்னதும் அதே சந்திப்பில்தான். ஆகவே அச்சமற்றவனின் வேண்டுதலாக அதைப் படிக்கக் கூடாது. வேண்டுதல் பலிக்கவில்லை, நகரம் வீழ்ந்தபின் அக்குழந்தை மதிலிலிருந்து எறியப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

உங்கள் பயத்துக்கு மிக நெருக்கமானவன் பெலியஸ். தங்கள் குழந்தை அக்கிலீஸைச் சாகாதவனாக்க தெட்டிஸ் இரவுதோறும் அவனை நெருப்பில் வாட்டுகிறாள். ஓரிரவு கண்விழித்த பெலியஸ், மகன் தீயில் துடிப்பதைக் கண்டு அலறுகிறான். அவள் குழந்தையைத் தரையில் எறிந்துவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறாள். இதைச் சொல்லும் கிரேக்கக் கவிஞர் அப்பொலோனியஸ் அலறியவனை மூடன் என்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. தீயில் கிடக்கும் பிள்ளையைக் கண்டு அலறாத தகப்பன் யாருக்கு வேண்டும்?

கூச்சத்தைப் பற்றி ஒன்று. அதே அப்பொலோனியஸ், கருங்கடற்கரையில் வாழ்ந்த திபரேனியரிடையே மனைவி பிள்ளை பெறும்போது கணவன் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்து முனகுவான் என்றும், பெண்களே அவனுக்கு உணவூட்டிக் குளிக்க நீரும் வைப்பார்கள் என்றும் எழுதுகிறார். நீங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. வீட்டில் தாராளமாகச் சொல்லலாம்.

நல்ல தந்தையாவது எப்படி என்பதற்கு அந்த இலக்கியத்தில் எனக்குப் பிடித்த விடை, பிள்ளையே இல்லாத ஒருவனிடம் இருக்கிறது. பெற்ற தந்தையின் சாபத்தால் பிள்ளைப்பேறு இழந்த ஃபீனிக்ஸைப் பெலியஸ் ஆதரித்து, தன் மகனை அவன் பொறுப்பில் விடுகிறான். மடியில் வைத்து இறைச்சியை நறுக்கி ஊட்டியதையும், குழந்தை மதுவைக் கக்கித் தன் அங்கியின் மார்பை அடிக்கடி நனைத்ததையும் ஃபீனிக்ஸ் பிற்பாடு அக்கிலீஸிடமே நினைவுகூர்கிறான். இலியட்டின் ஒன்பதாம் பகுதியில் வருகிறது. இன்றிரவு உறக்கம் வராவிட்டால் அதை எடுத்து, மனைவியும் விழித்திருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.