புது .22 பிஸ்டலும் குழலில் ஒட்டும் ஈயமும்: கேள்வி-பதில்

கேள்வி: புது .22 பிஸ்டல். முதல் 100 ரவுண்டு வரை குரூப்பிங் (குண்டுகள் அட்டையில் நெருக்கமாக விழுவது) அருமையாக இருந்தது. 300 தாண்டியதும் விரிந்துகொண்டே போகிறது. குழலுக்குள் சாம்பல் நிறக் கோடுகள் தெரிகின்றன. குழலே மோசமா?

பதில்: அந்த முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அமரும் அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெறும் வெடிமருந்துக் கரி என்றால் மங்கலாக, ஒரே சீராகப் பூசியதுபோல் இருக்கும். எண்ணெய் நனைத்த துணியிலேயே வந்துவிடும். ஈயம் அப்படி வராது. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் ரைஃபிளிங்கில், மேடு பள்ளத்தில் இறங்கும் மூலையில், வெள்ளிக் கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷ் போட்ட பின் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் மீன் செதில் மாதிரிச் சின்னச் சின்னத் தகடுகள் மின்னும்.

அடுத்து, அது எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அறையை ஒட்டிய முதல் ஓரிரு சென்டிமீட்டரில் மட்டும் என்றால், ரைஃபிளிங் தொடங்கும் இடத்தில் கருவி வெட்டிய தடமோ பிசிறோ நின்று குண்டைச் சீவுகிறது. குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் மட்டும் என்றால், குண்டின் மேலுள்ள மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. நெடுகிலும் இருந்தால் குழலின் உள்பரப்பு சொரசொரப்பாக இருக்கலாம், தோட்டாவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

.22 தோட்டாவில் குண்டின் உடலும் பித்தளைக் கூடும் கிட்டத்தட்ட ஒரே பருமன். குண்டின் குதிகால், அதாவது சற்று ஒடுங்கிய பின்முனை மட்டும்தான் கூட்டுக்குள் இருக்கும். மெழுகோ கிரீஸோ வெளியே திறந்து கிடக்கிறது. சட்டைப் பையில் உதிரியாகப் போட்டால் தூசி ஒட்டும், வெயிலில் காரில் வைத்தால் உருகி வழியும். ஈயம் ஒட்டுகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே, தோட்டாவை எங்கே வைக்கிறீர்கள் என்றுதான்.

இனி செய்ய வேண்டியது: குழலை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு, மெழுகு நன்றாகப் பூசிய சாதாரண வேகத் தோட்டாவுக்கு மாறுங்கள். 50 ரவுண்டுக்கு ஒருமுறை உள்ளே பார்த்துக் குறித்து வையுங்கள். படிவு தடவைக்குத் தடவை குறைந்தால் குழல் பழகி வருகிறது என்று அர்த்தம். 500 ரவுண்டு ஆகியும் அதே இடத்தில் அதே அளவு சேர்ந்தால், தயாரித்தவர்களிடமே திருப்பி அனுப்புங்கள். தேய்ப்புப் பசை போட்டு நீங்களே பாலிஷ் செய்யாதீர்கள். தேய்ந்துபோன இரும்பு திரும்ப வராது, உத்தரவாதமும் போய்விடும்.

கேள்வி: ஒட்டிய ஈயத்தை எப்படி எடுப்பது? வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் கரைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கரையும் என்பது உண்மைதான். ஆனால் கரைந்து வருவது ஈய அசிடேட், தண்ணீரில் கலந்து நிற்கும் விஷம். அந்தக் கலவை குழலின் எஃகையும் அரித்துவிடும். பாதரசம் ஊற்றி ஈயத்தை எடுக்கும் வழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிளீனிங் திரவத்தைப் போட்டு ஊறவிடுங்கள். அது ஈயத்தைப் பெரிதாகக் கரைக்காது. அடியில் புகுந்து பிடியைத் தளர்த்தும். பிறகு வெண்கலப் பிரஷ். அதற்கும் மசியாவிட்டால், பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரில் நாலைந்து இழைகளை எடுத்துப் பழைய பிரஷ்மேல் சுற்றி, இறுக்கமாகப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுங்கள். நாரைக் காந்தத்தில் காட்டிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். ஒட்டினால் அது செம்புப் பூச்சுப் போட்ட இரும்பு, குழலைக் கீறிவிடும். பிரஷ் மாட்டிய கம்பியை முடிந்தவரை அறைப் பக்கமிருந்தே விடுங்கள். குழலைக் கழற்ற முடியாத மாடல் என்றால் வாய்ப்பக்கம் வழிகாட்டி மூடி போட்டுக்கொள்ளுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால், எந்தத் தோட்டா போட்டாலும் குரூப்பிங் திரும்பாது.

கேள்வி: பிராண்டு மாற்றினால் முதல் சில குண்டுகள் சிதறுகின்றன. செம்புப் பூச்சுத் தோட்டா போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: பழைய மெழுகு போய்ப் புது மெழுகு குழல் முழுக்கப் படிய 10 முதல் 20 ரவுண்டு பிடிக்கும். அதற்குள் எந்தத் தோட்டாவுக்கும் மார்க் போடாதீர்கள். சுத்தம் செய்த உடனே சுடும்போது சிதறுவதும் இதனால்தான். செம்புப் பூச்சு மிக மெல்லியது. ஈயத்தைக் குறைக்கலாம், ஒழிக்காது. பிஸ்டலில் துல்லியம்தான் வேண்டும் என்றால், பூச்சில்லாத, மெழுகு பூசிய சாதாரண வேகத் தோட்டாதான் என் தேர்வு.

கேள்வி: அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுகிறது.

பதில்: உடனே சுடுவதை நிறுத்துங்கள். குண்டு புரண்டுகொண்டு போகிறது. ரைஃபிளிங் பள்ளங்களை ஈயம் அடைத்திருக்கலாம், வாய் விளிம்பு அடிபட்டிருக்கலாம், குண்டு இந்தக் குழலுக்கு மிக நீளமாக இருக்கலாம். .22 குழல்களில் ரைஃபிளிங்கின் வழக்கமான முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வழக்கமான 40 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டுக்கு அது போதும். அதைவிட நீளமான 60 கிரெயினுக்குப் போதாது. நடுவில் ஏதாவது ஒரு சத்தம் அமுங்கி "புஸ்" என்று கேட்டிருந்தால், குண்டு உள்ளேயே நிற்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

கேள்வி: தவறு பிஸ்டலிலா, என் கையிலா?

பதில்: முதலில் குறிபார்க்கும் சைட்டின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பிறகு மணல் மூட்டையில் கையைத் தாங்கவைத்து 25 மீட்டரில் ஐந்தைந்து குண்டாக ஐந்து குரூப் சுடுங்கள். அனுபவமுள்ள இன்னொருவரையும் அதே தோட்டாவில் சுடச் சொல்லுங்கள். 25 மீட்டர் பிரெசிஷன் டார்கெட்டில் நடுவிலுள்ள 10 புள்ளி வளையத்தின் விட்டம் 50 மி.மீ. தாங்கலில் அதற்குள் நிற்கும் பிஸ்டலைக் குறை சொல்ல முடியாது. டிரிகர் விரலைக் கவனியுங்கள்.

கேள்வி: சுத்தம் செய்யும்போது ஈயம் உடம்புக்குள் போகுமா?

பதில்: போகும். குண்டிலிருந்து மட்டுமல்ல, கூட்டின் விளிம்பிலுள்ள, தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் கலவையிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சமையலறை மேசையில் வைத்துச் செய்யாதீர்கள். அழுக்குத் துணிகளை மூடிய டப்பாவில் போடுங்கள். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வாரத்தில் பல நாள் உள்ளரங்கில் சுடுபவர் என்றால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.