பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்கும் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? குளோரின் கலந்த நீரால் புற்றுநோய் வரும் என்று செய்தியில் படித்தேன்.

கொடுக்கலாம்; மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் குழாய்த் தண்ணீர் நெடி அடிப்பதால் மட்டும் உங்கள் இரண்டு வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் வந்துவிடாது. பிளீச்சிங் பவுடரிலிருந்து நீரில் கலப்பது குளோரின்; குடிநீரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

நீங்கள் படித்த புற்றுநோய்ச் செய்தி, குளோரின் தண்ணீரிலுள்ள இலைதழை மக்கலோடு வினைபுரிந்து உண்டாக்கும் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேதிப்பொருள்களைப் பற்றியது; அவை பல்லாண்டுகள் மிகுதியாக உடலில் சேர்வதே கவலைக்குரியது.

பிளீச்சிங் பவுடர் சரியாகக் கலக்காமல் தொட்டியின் ஒரு பக்கம் தங்கியதால் நெடி அடிக்கலாம். ஆனால் நெடி நாள்கணக்கில் நீடித்தால், உடைந்த குழாய் வழியே சாக்கடை நீர் கசிந்து, அதிலுள்ள அம்மோனியா குளோரினோடு சேர்ந்திருக்கவும் கூடும். எனக்கு அதுதான் பெரிய அச்சம்.

தொட்டி இயக்குபவரிடம் குளோரின் சோதனைப் பெட்டி இருக்கும். உங்கள் குழாயில் பிடித்த நீரில் சொட்டுமருந்து விட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சோதித்த நீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள், அந்தச் சொட்டுமருந்து நஞ்சு.

அதுவரை நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். நெடி பெரும்பாலும் போய்விடும். ஆனால் குளோரின் போன நீருக்குக் கிருமிகளிடமிருந்து பாதுகாப்பு இல்லை என்பதால் மூடிவைத்து, கைபடாமல் அன்றைக்கே பயன்படுத்துங்கள். வீட்டிலேயே எவருக்கேனும் இந்த நீரைக் கொண்டு டயாலிசிஸ் நடந்தால், அதற்கு இந்தக் குடிநீர் வரம்புகள் பொருந்தா, மருத்துவரிடம் கேளுங்கள்.